ஃபயர்வாலை மாற்றிய பின் வரும் முகவரிச் சிக்கல்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

சனிக்கிழமை மாலை பழைய ஃபயர்வாலை (அலுவலக வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் காவல் பெட்டியை)க் கழற்றிப் புதியதைப் பொருத்தி, ஒரு மடிக்கணினியில் இணையம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். இருபது, முப்பது கணினிகள் உள்ள அலுவலகங்களில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். புதிய பெட்டியே பழுதாக இருந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பழைய பெட்டியின் ஐபி முகவரியையோ (வலையமைப்பில் அதற்குக் கொடுத்த எண்), மேக் முகவரியையோ (போர்ட்டின் வன்பொருள் எண்) விடாமல் நினைவில் வைத்திருக்கும் மோடம், சேவை நிறுவனத்தின் ரூட்டர், பிரிண்டர், டிவிஆர் (கேமராப் பதிவுக் கருவி) என ஏதோ ஒன்று எங்கோ இருக்கும். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணத்தை முதலிலும், செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய ஃபயர்வாலை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு வாரமாவது அது உங்களிடம் இருக்க வேண்டும், ஆனால் எந்தக் கேபிளிலும் இணைந்திருக்கக் கூடாது. அதன் வேன் (இணையப் பக்கத்து) போர்ட்டின் ஐபி, சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் ஒரே தொகுதி என்று சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி), மேக் முகவரி, லேன் (அலுவலகப்) பக்கத்து ஐபி, டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி தரும் சேவை) வழங்கிய முகவரி வரம்பு, குறிப்பிட்ட கருவிகளுக்கென ஒதுக்கிவைத்திருந்த முகவரிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேக் முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது முதல் போர்ட்டின் முகவரியாக இருக்கலாம் என்பதால், வேன் போர்ட்டுக்குரியதை அமைப்புத் திரையில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

புதிய ஃபயர்வாலின் லேன் ஐபி பழையதன் லேன் ஐபியாகவே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபோர்ட்டிகேட் 192.168.1.99, சோனிக்வால் 192.168.168.168, சோபோஸ் 172.16.16.16, மைக்ரோடிக் 192.168.88.1 என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முகவரியோடு வருகிறது. அதை அப்படியே விட்டுவைத்து, ‘கணினிகள்தாம் தானாக முகவரி எடுத்துக்கொள்கின்றனவே’ என்று நம்புவதிலிருந்துதான் இங்கே எழுதப்போகும் சிக்கல்களில் பாதி தொடங்குகின்றன.

## அறிகுறி 1: அலுவலகம் முழுவதும் இணையம் இல்லை, ஃபயர்வாலிலிருந்தே வெளியே பிங் போகவில்லை

பிங் என்பது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை. முதலில் கணினிகளை விட்டுவிடுங்கள். ஃபயர்வாலின் திரைக்குள் சென்று வேன் போர்ட்டில் என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த வழி அதைப் பொறுத்துப் பிரியும்.

### வேன் போர்ட்டில் முகவரியே வரவில்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது

மோடத்தின் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் கொடுங்கள். பல மோடங்கள் தம்மிடம் முதலில் வந்து இணைந்த கருவியின் மேக் முகவரியைப் பிடித்துக்கொண்டு, வேறொரு கருவி கேட்டால் முகவரி தருவதில்லை. மோடம் யூபிஎஸ்ஸில் இருந்தாலோ, உள்ளே பேட்டரி இருந்தாலோ, சுவர் ஸ்விட்சை அணைப்பதால் அது அணையாது. எல்லா விளக்குகளும் அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மீண்டும் போடுங்கள். ஃபயர்வால் முழுமையாக எழுந்து நிற்கும்போது மோடம் எழ வேண்டும் என்பதால், மோடத்தைப் பிறகு போடுவதே சரி.

அதன் பின்னும் வராவிட்டால், சேவை நிறுவனம் உங்கள் கணக்கைப் பழைய மேக் முகவரியோடு பிணைத்திருக்கக்கூடும். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகளில் இது மிகவும் சாதாரணம். தாளில் எழுதிவைத்த பழைய வேன் மேக் முகவரியைப் புதிய ஃபயர்வாலின் வேன் போர்ட்டில் இட்டுப் பாருங்கள். ‘மேக் குளோன்’ என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். உடனே முகவரி வந்துவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிடாமல், வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் புதிய மேக் முகவரியைப் பதிவு செய்யச் சொல்லி, குளோனை நீக்கிவிடுங்கள். பழைய பெட்டியை இன்னொருவர் வாங்கி அதே நிறுவனத்தின் இணைப்பில் மாட்டினால், ஒரே மேக் முகவரி இரண்டு இடத்தில் நிற்கும்.

### பிபிபிஓஇ (பயனர் பெயரிட்டு உள்நுழையும்) இணைப்பு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் நிராகரிக்கிறது

பழைய ஃபயர்வாலின் இணைப்பைத் துண்டிக்காமல் மின்கம்பியை மட்டும் உருவியிருந்தால், சேவை நிறுவனத்தின் பக்கத்தில் அந்தப் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவே பதிவாகியிருக்கும். ஒரு கணக்குக்கு ஓர் இணைப்பு என்ற விதியால் புதியது நிராகரிக்கப்படும். பத்து நிமிடம் வேன் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். நிராகரிப்பு என்றுகூட இல்லாமல் பதிலே வராவிட்டால், பழைய பெட்டியில் வேன் போர்ட்டுக்கு வி-லேன் எண் (ஒரே கம்பியில் வலையமைப்புகளைப் பிரிக்கும் எண்) கொடுக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். ஃபைபர் இணைப்புகளில் இந்த ஒற்றை எண் விடுபட்டதால் ஒரு முழு நாளை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

### நிலையான ஐபி சரியாக இருக்கிறது. கேட்வேக்குப் பிங் போகவில்லை

ஐபி, மாஸ்க், கேட்வே மூன்றையும் தாளோடு எழுத்தெண்ணி ஒப்பிடுங்கள். அவை சரியானால், பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் ரூட்டர் உங்கள் ஐபி முகவரிக்குப் பழைய மேக் முகவரியையே தன் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற குறிப்பில்) வைத்திருக்கும். நீங்கள் அனுப்புவது அங்கே போகும். பதில் மட்டும் இல்லாத பெட்டியைத் தேடிப் போகும். சிஸ்கோ ரூட்டர்களில் இந்தப் பதிவு, யாரும் மாற்றியமைக்காத நிலையில், நான்கு மணி நேரம் நீடிக்கும். மாலை ஆறு மணிக்கு மாற்றி, எட்டு மணி வரை போராடி, பழையதையே மாட்டிவிட்டு ‘புதிய பெட்டி சரியில்லை’ என்று திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த நான்கு மணி நேரத்துக்குள்தான் நடக்கிறது.

வேன் கேபிளைக் கழற்றி மாட்டினால் பல ஃபயர்வால்கள் தம் புதிய மேக் முகவரியைத் தாமாகவே அறிவிக்கும். அதை முதலில் செய்யுங்கள். எதிர்முனை அந்த அறிவிப்பை ஏற்காவிட்டால், மேக் குளோனைத் தற்காலிகமாகப் போடலாம். அதுவும் முடியாவிட்டால் சேவை நிறுவனத்தை அழையுங்கள். அழைக்கும்போது ‘நெட் வரவில்லை’ என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடத்தான் சொல்வார்கள். ‘ஃபயர்வாலை மாற்றியிருக்கிறோம், எங்கள் நிலையான ஐபிக்கான ஏஆர்பி பதிவை உங்கள் ரூட்டரில் அழித்துவிடுங்கள்’ என்று ஐபி முகவரியோடு சேர்த்துச் சொல்லி, அடுத்த நிலைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றக் கேளுங்கள். நான்கு மணி நேரம் கடந்தும், ஏஆர்பி அழிக்கப்பட்டதாக அவர்கள் உறுதி சொன்ன பிறகும் பிங் போகவில்லை என்றால், மடிக்கணினியை ஃபயர்வாலுக்குப் பதிலாக நேரே மாட்டி அதே ஐபியைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கம்பிப் பக்கத்துப் பழுது. அவர்களுடைய ஆள் நேரில் வந்தாக வேண்டும்.

## அறிகுறி 2: இணையம் வருகிறது; கூடுதலாக வாங்கிய பொது ஐபிகள் மட்டும் வேலை செய்யவில்லை

மாஸ்க் 255.255.255.248 என்றால் எட்டு முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி. அதில் ஆறைப் பயன்படுத்தலாம், அவற்றில் ஒன்று சேவை நிறுவனத்தின் கேட்வே. எடுத்துக்காட்டாக 203.0.113.9 கேட்வே என்றால், 10 ஃபயர்வாலுக்கும், 11 முதல் 14 வரை மெயில் சர்வர் போன்றவற்றுக்கும் இருக்கும். ஃபயர்வாலை மாற்றியதும் 10 மட்டும் உயிர் பெறும், 11 பேசாமல் இருக்கும். முதன்மை முகவரியிலிருந்து புதிய ஃபயர்வால் ஓயாமல் பேசுவதால் எதிர்முனை அதன் மேக் முகவரியைக் கற்றுக்கொள்கிறது. 11 தானாக எதையும் பேசுவதில்லை.

இதற்கு ஒரு கைமுறை உண்டு. 203.0.113.11-ஐ வேன் போர்ட்டின் கூடுதல் முகவரியாகச் சேர்த்து, அந்த முகவரியிலிருந்து கேட்வேக்கு ஒருமுறை பிங் அனுப்புங்கள். எதிர்முனை அந்த முகவரிக்கும் புதிய மேக் முகவரியைக் கற்றுக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு முகவரிக்கும் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பிறகும் வராவிட்டால், அந்த முகவரிகளுக்கான ஏஆர்பி கேள்விகளுக்குப் புதிய ஃபயர்வால் பதில் சொல்லும்படி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தயாரிப்பில் நாட் விதி (பொது முகவரியை உள் முகவரியாக மாற்றும் விதி) எழுதினாலே அது பதில் சொல்லத் தொடங்கும். இன்னொன்றில் ப்ராக்ஸி ஏஆர்பி (வேறொரு முகவரிக்காகப் பதில் சொல்வது) என்பதைத் தனியே சேர்க்க வேண்டும். பழைய அமைப்புக் கோப்பை ஒரு தயாரிப்பிலிருந்து வேறொரு தயாரிப்புக்கு மாற்றித் தரும் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுவே.

பழக்க தோஷத்தில் மாஸ்க்கை 255.255.255.0 என்று இட்டுவிடுவதும் உண்டு. அப்போது இணையம் முழுவதும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதே சேவை நிறுவனத்தில், உங்கள் எண்களுக்கு அருகே உள்ள தொகுதியை வைத்திருக்கும் ஒரு கிளை அலுவலகமோ வாடிக்கையாளரோ மட்டும் எட்டமாட்டார்கள். ‘எல்லாம் வருகிறது, அந்த ஓர் இடம் மட்டும் வரவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த மாஸ்க்கைத்தான்.

## அறிகுறி 3: ஃபயர்வாலிலிருந்து பிங் போகிறது, கணினிகளில் இணையம் இல்லை

ஒரு கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ‘ஆல்’ சேர்த்து (ipconfig /all) இயக்கி, ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண்ணாக்கித் தரும் சேவை), டிஎச்சிபி சர்வர் ஆகிய ஐந்து வரிகளையும் பாருங்கள்.

ஐபி 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க யாருமில்லை என்று பொருள். புதிய ஃபயர்வாலின் அந்த லேன் போர்ட்டில் டிஎச்சிபி இயக்கப்படவில்லை, அல்லது டிஎச்சிபி சர்வர் வேறொரு வி-லேனில் இருந்து, கேள்வியை அங்கே கடத்தும் ரிலே அமைப்பு விடுபட்டுவிட்டது.

கேட்வே வரியில் பழைய முகவரியே இருந்தால், அந்தக் கணினி இன்னும் பழைய லீஸில் (டிஎச்சிபி முகவரியைக் கொடுத்திருக்கும் கால அளவில்) இருக்கிறது. 24 மணி நேர லீஸ் என்றால், பாதி நேரத்தில் பழைய சர்வரையே தேடிக் கேட்கும். அது கிடைக்காவிட்டால் 21-ஆம் மணி நேரத்தில்தான் ‘வேறு யாரேனும் உண்டா’ என்று பொதுவாகக் கேட்கும். வார இறுதியில் அணைக்காமல் விட்ட கணினிகளில் இது தெரியும். லீஸை விட்டுவிட்டு மீண்டும் எடுக்கச் செய்தால், அதாவது ரிலீஸ் (ipconfig /release) கொடுத்துப் பிறகு ரின்யூ (ipconfig /renew) கொடுத்தால், சரியாகிவிடும். கட்டளை தெரியாதவர்களிடம் கேபிளைக் கழற்றிக் கணினியை மறுதொடக்கம் செய்து மாட்டச் சொல்லுங்கள்.

முகவரிகள் எல்லாம் சரி, கூகுளின் 8.8.8.8-க்குப் பிங்கும் போகிறது, இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், டிஎன்எஸ் வரியில் பழைய ஃபயர்வாலின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எதுவும் இல்லாதபோது, வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே எண் தொகுதியில் இருக்கின்றனவா என்று சோதியுங்கள். சேவை நிறுவனத்தின் மோடம் 192.168.1.1 ஆக இருந்து, ஃபயர்வாலுக்கு 192.168.1.5 கொடுத்து, ஃபயர்வாலின் லேன் பக்கமும் 192.168.1 என்றே இருந்தால், எது உள்ளே, எது வெளியே என்று ஃபயர்வாலால் பிரித்தறிய முடியாது. வேன் முகவரியைக் கையால் இட்டால் பல பெட்டிகள் தடுத்து எச்சரிக்கும்; டிஎச்சிபி வழியே வரும்போது அந்த எச்சரிக்கை கண்ணில் படாமல் போய்விடும். மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (முகவரி வழங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. அது உடனே முடியாவிட்டால் மோடத்தின் லேன் எண்ணை மாற்றுங்கள். முப்பது கருவிகள் உள்ள அலுவலகப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 4: சில கணினிகளில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை

இதுதான் அதிக நேரம் தின்னும் அறிகுறி. வேலை செய்யும் கணினி ஒன்றையும், செய்யாத ஒன்றையும் எடுத்து, மேலே சொன்ன ஐந்து வரிகளை அருகருகே எழுதுங்கள். எழுதாமல் நினைவில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

மாஸ்க் வேறுபட்டால்: பழைய பெட்டியில் 255.255.254.0 இருந்து, அதாவது 192.168.0 மற்றும் 192.168.1 இரண்டும் ஒரே தொகுதியாக இருந்து, புதியதில் 255.255.255.0 என்று இட்டிருப்பார்கள். நிலையான ஐபி கொடுத்த கருவிகளில் எண் 192.168.0 பக்கத்தில் உள்ளவை அனைத்தும் துண்டிக்கப்பட்டு நிற்கும்.

‘ஐபி முரண்பாடு’ என்ற செய்தி வந்தால்: புதிய டிஎச்சிபி சர்வருக்குப் பழைய லீஸ் பட்டியல் தெரியாது. பழைய லீஸோடு இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியின் எண்ணையோ, பிரிண்டரில் கையால் இட்ட எண்ணையோ, இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். விண்டோஸின் சிஸ்டம் நிகழ்வுப் பதிவில் 4199 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால், முரண்படும் கருவியின் மேக் முகவரியும் அதிலேயே கிடைக்கும். நிலையான முகவரிகள் அனைத்தையும் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே தள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 2 முதல் 49 வரை நிலையானவை, 50 முதல் 200 வரை டிஎச்சிபி என்று வைத்துக்கொள்ளலாம்.

டிஎச்சிபி சர்வர் வரி வேறுபட்டால்: இரண்டு பேர் முகவரி வழங்குகிறார்கள். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இதற்காக அரை நாள் செலவிட்டேன். கணக்குப் பிரிவில் எல்லாம் நன்றாக இருந்தது. மெர்ச்சண்டைசர்கள் அமர்ந்திருந்த பகுதியில் பாதிக் கணினிகளுக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி வந்தது. அலுவலகத்தின் எண்ணோ 192.168.1. என் மடிக்கணினிக்கும் தவறான முகவரி கிடைக்கும்வரை இரண்டு மூன்று முறை ரின்யூ செய்து, 192.168.0.1-க்குத் தொடர் பிங்கை ஓடவிட்டு, 24 போர்ட் ஸ்விட்ச்சின் முன் அமர்ந்து ஒவ்வொரு கேபிளாக உருவி மாட்டிக்கொண்டே வந்தேன். பதினேழாவது கேபிளை உருவியதும் பிங் நின்றது. அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்தபோது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, தூசி மூடிய ஒரு வைஃபை ரூட்டர் இருந்தது. பழைய ஃபயர்வாலில் விருந்தினர் வைஃபைக்கென அதற்குத் தனி போர்ட் இருந்தது. புதியதில் போர்ட்கள் குறைவு என்பதால், மாற்றிய அன்று யாரோ அந்தக் கேபிளைப் பொது ஸ்விட்ச்சில் செருகிவிட்டார்கள். அதில் டிஎச்சிபியை அணைத்ததும் பத்து நிமிடத்தில் அந்தப் பகுதி முழுவதும் சரியானது.

கேபிள்களை உருவ முடியாத அளவு பெரிய இடம் என்றால், மேனேஜ்டு (உள்ளே சென்று அமைக்கக்கூடிய) ஸ்விட்ச்சின் மேக் பட்டியலில், தவறான முகவரி தரும் கருவியின் மேக் முகவரி எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று பார்க்கலாம். ஸ்விட்ச்சின் கடவுச்சொல் யாரிடமும் இல்லை, பல மாடிகளில் பல ஸ்விட்ச்சுகள் இருக்கின்றன என்றால், அந்தக் கட்டத்தில் நெட்வொர்க் ஆளை அழைப்பதே நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

## அறிகுறி 5: எல்லோருக்கும் இணையம் உண்டு, பிரிண்டரும் பகிர்ந்த கோப்புகளும் போய்விட்டன

இதற்காகப் பலர் ஃபயர்வால் விதிகளைப் புரட்டிப் போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். ஒரே ஸ்விட்ச்சில், ஒரே எண் தொகுதியில் இருக்கும் இரண்டு கணினிகளின் பேச்சு ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை. உண்மைக் காரணம் வேறு: விண்டோஸ், தான் இருக்கும் வலையமைப்பைக் கேட்வேயின் மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்கிறது. அது மாறியதும், ‘நெட்வொர்க் 2’ என்று புதிய பெயரிட்டு, பப்ளிக் வகையில் சேர்த்துவிடும். அந்த வகையில் கோப்புப் பகிர்வும் பிங்குக்குப் பதில் சொல்வதும் தடுக்கப்படும். பகிரும் கணினியில் அதை பிரைவேட் என்று மாற்றினால் போதும். டொமைனில் (ஒரே சர்வரின், அதாவது டொமைன் கன்ட்ரோலரின், கட்டுப்பாட்டில்) இணைந்த கணினிகளில் இது பொதுவாக நேர்வதில்லை. நேர்ந்தால் டொமைன் கன்ட்ரோலரை அவை எட்டவில்லை, எனவே டிஎன்எஸ் வரியைப் பாருங்கள்.

பிரிண்டர் வேறொரு வி-லேனில் இருந்தாலோ, வருகைப் பதிவுக் கருவி இணையம் வழியே வேறோர் இடத்துச் சர்வரோடு பேசுவதாக இருந்தாலோ, அதன் திரையிலேயே கேட்வேயைத் திறந்து பாருங்கள். கையால் இடப்பட்ட பழைய எண் அங்கே இருக்கும்.

## அறிகுறி 6: வெளியிலிருந்து சிசிடிவியையோ சர்வரையோ பார்க்க முடியவில்லை

அலுவலக வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வேலை செய்து, அலுவலகத்துக்குள்ளிருந்து பொது ஐபியை இட்டால் மட்டும் வரவில்லை என்றால், புதிய ஃபயர்வாலில் நாட் லூப்பேக் என்ற வசதி இயக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மொபைல் டேட்டாவிலும் வராவிட்டால் முதலில் டிவிஆரின் கேட்வேயைச் சரிபாருங்கள். உள்ளேயிருந்து படம் தெரிகிறது என்பதற்காக அதன் அமைப்பு சரி என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே பார்க்க கேட்வே தேவையில்லை, வெளியே பதில் அனுப்பத்தான் தேவை. அடுத்து, போர்ட் ஃபார்வர்டிங் விதி (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் விதி) சுட்டும் உள் முகவரியில் இன்னும் அதே டிவிஆர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டியில் ஒதுக்கிவைத்திருந்த முகவரி புதியதில் விடுபட்டிருந்தால், அந்த எண்ணில் இப்போது யாரோ ஒருவரின் கைப்பேசி இருக்கும்.

கடைசியாக, வேன் போர்ட்டின் முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் இணையதளம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். வேன் முகவரி 10, 192.168, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கினால், பெரும்பாலும் பிரிட்ஜ் மோடிலிருந்த மோடம் ரூட்டராக மாறியிருக்கிறது; சேவை நிறுவனத்தின் ஆள் வந்து ‘ரீசெட்’ செய்துவிட்டுப் போனால் இப்படி ஆகும். 100.64 முதல் 100.127 வரை இருந்தால், ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் முறையில் உங்களை வைத்திருக்கிறார்கள். இதற்கு ஃபயர்வாலில் மருந்து இல்லை. நிலையான ஐபியைப் பணம் கட்டி வாங்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியிருந்தால், புதிய மேக் முகவரியோடு அதை மீண்டும் பிணைக்கச் சொல்ல வேண்டும்.

## அறிகுறி 7: வங்கித் தளமோ, கிளை அலுவலக விபிஎன்னோ மட்டும் மறுக்கிறது

எதிர்முனை உங்களை உங்கள் பொது ஐபியால் அறிகிறது. இரண்டு இணைய இணைப்புகள் உள்ள இடத்தில், பழைய பெட்டி வங்கிக்கான போக்குவரத்தை முதல் இணைப்பு வழியே அனுப்பியிருக்கும். புதியது இரண்டையும் சமமாகப் பயன்படுத்தும். அந்தக் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒரே இணைப்பைக் கட்டாயமாக்குங்கள். விபிஎன் (இரு அலுவலகங்களை இணையம் வழியே பாதுகாப்பாகப் பிணைக்கும் இணைப்பு) என்றால் இருபுறமும் எழுதப்பட்ட உள் முகவரித் தொகுதிகள் மாஸ்க் உட்பட ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கிளையும் தலைமை அலுவலகமும் இப்போது ஒரே 192.168.1 தொகுதியில் வந்து நிற்கின்றன என்றால் நீங்களாகத் தீர்க்க முயலாதீர்கள். எந்தப் பக்கத்து எண்ணை மாற்றுவது, அதனால் எந்தெந்த மென்பொருள் பாதிக்கப்படும் என்பதை முழுதாகப் பட்டியலிட்டுச் செய்யும் ஒருவர் வேண்டும்.

## அறிகுறி 8: சில மணி நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு விட்டுவிட்டுப் போகிறது

பழைய ஃபயர்வாலை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ரேக்கிலேயே மின்சாரத்தோடும் லேன் கேபிளோடும் விட்டிருக்கிறீர்களா என்று முதலில் போய்ப் பாருங்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே முகவரிக்குப் பதில் சொன்னால், யார் பதிலைக் கணினி கடைசியாகக் கேட்டதோ அதன் பக்கம் போகும். கணினியில் ஏஆர்பி கட்டளையை ‘ஏ’ சேர்த்து (arp -a), இணையம் இருக்கும்போது ஒருமுறையும் போனபோது ஒருமுறையும் இயக்கி, கேட்வேக்கு எதிரே உள்ள மேக் முகவரியை எழுதுங்கள். எண் மாறினால் இதுதான் காரணம். பழையதன் எண்ணாக இல்லாமல், தாளில் எங்கும் இல்லாத ஒரு மேக் முகவரி வந்தால், யாரோ ஒரு கருவியில் கேட்வேயின் எண்ணையே அதன் ஐபியாக இட்டிருக்கிறார்கள். அறிகுறி 4-இல் சொன்னபடி கேபிளை உருவித் தேடுங்கள். மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், தேடுவது கேமராவையா, பிரிண்டரையா என்பதாவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மேக் முகவரி மாறவே இல்லை, வேன் போர்ட்டின் முகவரியும் அப்படியே இருக்கிறது, ஆனாலும் இணைப்பு அறுகிறது என்றால், சிக்கல் முகவரியில் இல்லை. இணைப்பு அறுந்த நேரங்களை இரண்டு நாள் குறித்துவைத்து, ஃபயர்வாலின் பதிவுக் கோப்பையும் எடுத்துக்கொண்டு, அதை விற்றவரின் தொழில்நுட்பப் பிரிவை அழையுங்கள். வாரண்டிக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைத்துவிடுங்கள்.